ஆறாம் வாரமா, அணிவகுப்பு நாளா?

வணக்கம் மேடம்,

எனக்கு 29 வயது. தம்பிக்கு 19. எங்கள் அம்மா இறந்தபோது எனக்கு 17, அவனுக்கு 7. தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பியது, காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்தது, கணக்கில் தோற்றபோது ஆசிரியரிடம் பேசியது எல்லாம் நான்தான். அப்பா நல்லவர், ஆனால் நாலு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார்.

நான்கு வாரத்துக்கு முன்பு தம்பி ராணுவப் பயிற்சியில் சேர்ந்தான். மொத்தம் 12 வாரம். போன அன்றே போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் 10 நிமிடம் கொடுக்கிறார்கள். முதல் ஞாயிறு, "நல்லா இருக்கேன்கா, எல்லாம் ஓகே" என்று யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பதுபோல் பேசிவிட்டு வைத்துவிட்டான். இரண்டாம் ஞாயிறு "அக்கா" என்றான், அப்புறம் அழுகைதான். "ஒரு தடவை வந்துட்டுப் போயேன்கா" என்றான். அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கமே இல்லை. மூன்றாம் ஞாயிறு பழையபடி சிரித்தான். பக்கத்துக் கட்டில்காரன் விடும் குறட்டையை நடித்துக் காட்டினான். கையில் தோல் உரிந்திருக்கிறது, ஓடும்போது முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை என்றான். பார்வையாளர் நாளுக்கு வரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம்கா, நீ அலையாதே." போன ஞாயிறு மூன்றே நிமிடம் பேசினான், அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஆறாம் வாரக் கடைசியில் பார்வையாளர் நாள், முகாமுக்குள்ளேயே நான்கு மணி நேரம் பார்க்கலாம். 12ஆம் வாரம் நிறைவு அணிவகுப்பு, அன்று மாலை வரை வெளியே அழைத்துப் போகலாம். மறுநாளே அடுத்த கட்டப் பயிற்சிக்கு வேறு முகாம். அங்கே ஒரு மாதம் போனபின் வார இறுதியில் வெளியே விடுவார்களாம். வீட்டுக்கு வரும் விடுப்பு அதெல்லாம் முடிந்தபிறகுதான். போக ஒரு நாள், வர ஒரு நாள் ஆகும் தூரம். என் வேலையில் கிடைக்கும் விடுப்புக்கு அவன் வீடு வருவதற்குள் ஒரே ஒரு முறைதான் என்னால் போக முடியும்.

"இப்போ போகாதே, பார்த்தா கலங்கிடுவான். பரேடுக்கு நானும் வர்றேன்" என்கிறார் அப்பா. ராணுவத்தில் மகன் இருக்கும் உறவினர் ஒருவரும், பாதியில் போய்ப் பார்த்ததால்தான் சில பையன்கள் ஓடி வந்துவிட்டார்கள் என்று பயமுறுத்துகிறார். ஆனால் அப்பா பக்கத்தில் இருந்தால் அவன் வாயே திறக்க மாட்டான். தனியாகப் போனால்தான் என்னிடம் மனசு விட்டுப் பேசுவான்.

இன்னொன்று. எழுத வெட்கமாக இருக்கிறது. அவன் "வேண்டாம்" என்றபோது எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடம் வளர்த்தவளைப் பார்த்து வேண்டாமா என்று. நான் போக நினைப்பது அவனுக்காகவா, எனக்காகவா?

ஒரு அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். ஒரே முறைதான் போக முடியும் என்றால் என் ஓட்டு அணிவகுப்புக்கு. ஆனால் உங்கள் அப்பா சொல்லும் காரணத்துக்காக இல்லை. அந்தக் காரணத்தோடு எனக்குப் பெரிய சண்டையே உண்டு, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இங்கிலாந்தில் பல மருத்துவமனைகள் குழந்தைகளைப் பார்க்கப் பெற்றோரை வாரத்துக்கு ஒரு முறை, இரு முறைதான் விடும். பெற்றோர் வந்து போன பிறகுதான் குழந்தை அழுகிறது, வராத நாளில் சமர்த்தாக இருக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். லண்டனில் டாவிஸ்டாக் கிளினிக் என்ற மனநல மையத்தில் மனநல மருத்துவர் ஜான் பவுல்பியோடு வேலை பார்த்த ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் எட்டு நாள் இருந்த ஒரு இரண்டு வயதுக் குழந்தையைப் படம்பிடித்து 1952இல் மருத்துவர்களுக்குப் போட்டுக் காட்டினார். சமர்த்து என்று எல்லாரும் நினைத்தது, அந்தக் குழந்தை நம்பிக்கை இழந்து அடங்கிப்போனதுதான் என்று அதில் தெரிந்தது. முதலில் மருத்துவர்கள் பலருக்குக் கோபம். ஆனாலும் பெற்றோர் எந்த நேரமும் வந்து பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று 1959இல் அரசுக் குழுவே பரிந்துரைத்தது.

உங்கள் தம்பி இரண்டு வயதுக் குழந்தை இல்லை, முகாமும் மருத்துவமனை இல்லை. இருந்தாலும் கணக்குப் பிழை ஒன்றேதான். உங்களைப் பார்த்ததும் அவன் கண் கலங்கினால், அந்தக் கண்ணீர் நான்கு வாரமாக அவனிடம் இருந்தது. நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்ததில்லை. ஒருவன் பயிற்சியை விட்டு ஓடுவதற்கு எத்தனையோ காரணம் இருக்கும். அக்காவோடு பேசிய நான்கு மணி நேரத்தின் மேல் அத்தனை பழியையும் போடுவது அநியாயம்.

சரி, அப்படியானால் ஏன் ஆறாம் வாரம் வேண்டாம் என்கிறேன்? அந்த நான்கு மணி நேரத்தைக் கொஞ்சம் கண்முன் கொண்டுவந்து பாருங்கள். ஒரு பெரிய கூடம். உங்களைப் போல நூறு குடும்பங்கள். முதல் அரை மணி நேரம் மொட்டைத் தலையோடு, யாரோ ஒரு பையன்போல விறைப்பாக உட்கார்ந்திருப்பான். பயிற்சியாளர் அந்தப் பக்கம் வந்தால் பாதிப் பேச்சில் எழுந்து நிற்பான். கடைசி ஒரு மணி நேரம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். மனசு விட்டுப் பேச அது இடமே இல்லை. தனியாகப் போனாலும் உங்களுக்குத் தனிமை கிடைக்காது.

இன்னொன்று, ஆறாம் வாரத்தில் உங்களிடம் காட்ட அவனிடம் ஒன்றும் இருக்காது. தோல் உரிந்த கை, தூக்கம் இல்லாத கண், திட்டு வாங்கிய கதை, அவ்வளவுதான். "அலையாதே" என்று அவன் சொன்னதில் உங்கள் மேல் உள்ள அக்கறை பாதி. இந்த நிலையில் என்னைப் பார்க்காதே என்பது மீதிப் பாதியாக இருக்கலாம். 19 வயதுப் பையன், வாழ்க்கையில் முதல் முறையாக அக்கா துணையில்லாமல் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறான். அது முடியாமல் பாதியில் நிற்கும்போது பார்ப்பதைவிட, முடித்து நிற்கும்போது நீங்கள் பார்க்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு.

உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடைய சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஒரு சோதனை நினைவுக்கு வருகிறது. ஆட்களை ஒரு முறை 14 டிகிரி செல்சியஸ் குளிர்ந்த நீரில் 60 விநாடி கையை வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடி, அதற்குமேல் 30 விநாடி கூடுதலாக, அந்த 30 விநாடியில் நீரை ஒரே ஒரு டிகிரி சூடாக்கி. எதைத் திரும்பச் செய்கிறீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலானோர் நீளமானதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். மொத்த வலி அதில்தான் அதிகம், ஆனால் முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது. ஒரு வாளித் தண்ணீரையும் 12 வாரப் பயிற்சியையும் ஒன்றாக வைத்துப் பேசுவது கொஞ்சம் அதிகப்படிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கஷ்டமான ஒரு காலம் எப்படி முடிந்தது என்பது அதன் நினைவையே மாற்றும் என்பதை நான் நம்புகிறேன். அணிவகுப்பு முடிந்து எல்லாரும் குடும்பத்தைத் தேடி ஓடும் நேரத்தில் தனக்கென்று ஒரு முகம் இருந்ததா இல்லையா என்பதை அவன் மறக்க மாட்டான்.

இதெல்லாம் என் ஊகம். முடிவைச் சொல்ல வேண்டியவன் அவன். ஆனால் போனில் "வரட்டுமா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பாசமுள்ள பையனின் பதில் "வேண்டாம்" என்பதுதான், அதுவும் பின்னால் வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது. கடிதத்தில் எழுதுங்கள். "ஒரு முறைதான் வர முடியும். ஆறாம் வாரமா, பரேடா, நீயே சொல். இரண்டில் எது என்றாலும் எனக்குச் சந்தோஷம்." இரவில் படுத்துக்கொண்டு யோசிக்க அவனுக்கு நேரம் கிடைக்கும். ஆறாம் வாரம் என்று சொன்னால் நான் மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிட்டுக் கிளம்புங்கள். பரேடுக்கு அப்பா போகட்டும்.

இரண்டாம் ஞாயிறு அழுகை பற்றி ஒரு வார்த்தை. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் நீங்கள் கேட்டது 10 நிமிடம். மற்ற நேரமெல்லாம் அழ முடியாத இடத்தில் இருப்பவன், அழ முடிந்த ஒரே ஆளிடம் அழுதான். கொட்டிவிட்டுப் போய்ப் படுத்திருப்பான். தூங்காமல் இருந்தது நீங்கள். ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. வாழவே பிடிக்கவில்லை என்றோ, நாள்கணக்கில் தூக்கமே இல்லை என்றோ, யாராவது அடித்துத் துன்புறுத்துவதாகவோ சொன்னால், பார்வையாளர் நாளுக்கு, பரேடுக்கு என்று காத்திருக்கக் கூடாது. அன்றே முகாமின் பொறுப்பு அதிகாரியையோ மருத்துவரையோ கூப்பிட்டுப் பேசுங்கள். அவனுக்குக் கெட்ட பெயர் வருமோ என்று தயங்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்து போன ஒன்று எனக்கு உறுத்துகிறது. முழங்காலுக்குக் கீழே வலி. திடீரென்று ஓட்டமும் சுமையும் கூடும்போது கீழ்க்கால் எலும்பில் நூலிழை போல விரிசல் விழுவது புதிதாகச் சேர்ந்த வீரர்களிடம் நன்றாகத் தெரிந்த பிரச்சினை. கால் நெடுகப் பரவி, ஓய்வெடுத்தால் குறையும் வலி பெரும்பாலும் விரிசலாக இருக்காது. ஒரே புள்ளியில் விரலால் தொட்டால் சுரீரென்று வலித்தால், நாளுக்கு நாள் கூடினால், படுத்திருக்கும்போதும் வலித்தால் உடனே மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். பையன்கள் இதை மறைப்பார்கள். சொன்னால் அடுத்த பேட்சுக்குத் தள்ளிவிடுவார்கள் என்று பயம். மறைத்தால் விரிசல் முழு முறிவாகிவிடலாம், அப்புறம் மாதக்கணக்கில் கட்டிலில்தான்.

பேட்ச் மாறினால் அணிவகுப்புத் தேதியும் போச்சு. காயம், காய்ச்சல், துப்பாக்கிச் சுடும் தேர்வில் தோல்வி என்று ஏதாவது ஒன்றில் சிலர் பின்தங்குவது எல்லா முகாமிலும் நடப்பதுதான். அதனால் ரத்து செய்தால் பணம் திரும்பி வரும் டிக்கெட்டாக எடுங்கள். விடுப்பையும் இப்போதே உறுதியாக எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அவன் பின்தங்கினால் அப்போது போவதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான பயணம். கூடவே இருந்தவர்கள் முன்னே போய்விட, புதுக் கூட்டத்தோடு மறுபடி தொடங்குவது தனிமையான வேலை.

அடுத்த கட்ட முகாமின் வார இறுதி நாட்களையும் மறக்காதீர்கள். உங்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. அமெரிக்கத் தரைப்படையில் அடிப்படைப் பயிற்சி 10 வாரம், மரைன் படையில் 13 வாரம் என்று நீளம் மாறுமே தவிர, முதலில் முழுப் பிடி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ச்சி என்பது ஏறக்குறைய எங்கும் ஒரே அமைப்புதான். அவசரமில்லாமல் உட்கார்ந்து பேச வேண்டும் என்பது மட்டுமே உங்கள் ஆசை என்றால் உண்மையில் அதுதான் நல்ல நேரம். பரேடுக்கு அப்பா மட்டும் போய், நீங்கள் அங்கே போவதும் ஒரு வழி. எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவே.

அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், அன்று எனக்கும் தம்பிக்கும் ஒரு மணி நேரம் தனியாக வேண்டும் என்று. ஒத்துக்கொள்வார். "பார்த்தா கலங்கிடுவான்" என்று அவர் சொல்வது மகனைப் பற்றி மட்டும்தானா என்று எனக்கு ஒரு சந்தேகம். 12 வருடத்துக்கு முன்பு மனைவியை இழந்தவர், இப்போது மகனையும் ஒரு வாசலில் விட்டுத் திரும்பியிருக்கிறார்.

அன்று வெளியே வந்ததும் தம்பி தூங்கிவிடலாம். மூன்று மாதத் தூக்கக் கடன் அது. ஒரு நாள் பயணம் செய்து வந்தது இதற்கா என்று நினைக்காமல் தூங்க விடுங்கள், ஒரு மணி நேரம் கழித்து எழுப்புங்கள். "இளைச்சுட்டியே" என்று ஒரு முறை சொன்னால் போதும். திரும்ப வேண்டிய நேரத்துக்கு அரை மணி முன்பே வாசலில் விட்டுவிடுங்கள். தாமதமானால் தண்டனை அவனுக்குத்தான்.

கோபத்துக்கு வருகிறேன். அவனுக்காகவா, எனக்காகவா என்று கேட்டீர்கள். இரண்டுக்கும்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 17 வயதில் யாரும் உங்களிடம் கேட்காமலே ஒரு பொறுப்பு மடியில் வந்து விழுந்தது. இப்போது அதேபோல யாரும் கேட்காமல் அதை எடுத்துக்கொண்டு போகிறார்கள். கோபம் வராமல் என்ன செய்யும்? அந்தக் கோபத்தை அவனிடம் கொண்டுபோகாமல் ஒரு தோழியிடமோ, என்னைப் போன்ற ஒருவரிடம் நேரிலோ பேசுங்கள். மீதி எட்டு வாரத்தில் அதற்கு நேரம் இருக்கிறது.

கடிதங்களுக்கு மேலே எண் போடுங்கள். முகாமில் மூன்றாவது கடிதம் முதலாவதுக்கு முன் வந்து சேர்வது சகஜம். பெரிய விஷயம் எதுவும் எழுத வேண்டாம், அவன் கட்டிலில் இப்போது யார் தூங்குகிறார்கள், அப்பா எந்த விஷயத்துக்கு ஐந்தாவது வார்த்தை பேசினார், இதுபோல. பரேடா, ஆறாம் வாரமா என்ற கேள்வியை முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள், பதில் வந்து சேர நாள் ஆகும். ஆனால் இந்த ஞாயிறு போன் வந்ததும் முதல் கேள்வி காலைப் பற்றியதாக இருக்கட்டும். ஒரே இடத்தில் வலிக்கிறதா என்று கேளுங்கள். ஆமாம் என்றால், மறுநாள் காலையிலேயே மருத்துவரிடம் காட்டுகிறேன் என்று அவன் வாயால் சொல்ல வைத்துவிட்டு அப்புறம் மற்றதைப் பேசுங்கள்.