வாசகர் கேள்விகள்: கிமோனோவைத் தாங்கும் கயிறுகள்

கேள்வி: ஜப்பானியரின் மரபுடையான கிமோனோவில் பொத்தானோ கொக்கியோ இல்லை என்கிறார்கள். அது நழுவாமல் நிற்பது எப்படி? இடுப்புப் பட்டையின் மேல் ஒரு கயிறும் கட்டியிருக்கிறார்களே, அது அழகுக்காகவா? – வாசகி, கும்பகோணம்

பதில்: கிமோனோவை நிறுத்துவது முழுக்க முழுக்கக் கட்டுகளே. ஏறக்குறைய 36 சென்டிமீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமும் உள்ள ஒரே துணிச்சுருளை நேர்க்கோட்டில் எட்டுத் துண்டுகளாக வெட்டித் தைப்பதால், அது உடலை ஒட்டி அமைவதில்லை. பெண்கள் தம் உயரத்துக்குப் போக மிஞ்சும் நீளத்தை இடுப்பில் மடித்து, 'கோஷிஹிமோ' என்னும் மெல்லிய நாடாவால் கட்டிக்கொள்கிறார்கள். அந்த நாடா வெளியே தெரியாது. அதன் மேல் சுற்றப்படுவதுதான் 'ஓபி' என்னும் அகன்ற பட்டை. விழாக்களுக்குரிய ஓபி நான்கு மீட்டருக்கும் கூடுதலான நீளமுடையது.

நீங்கள் பார்த்த பின்னல் கயிற்றின் பெயர் 'ஓபிஜிமே'. அது அழகுக்காக மட்டும் கட்டப்படுவதன்று. இன்று பரவலாகக் கட்டப்படும் 'தைகோ' கட்டில், முதுகுப்புறம் பெட்டி போலத் தெரிவது உண்மையில் முடிச்சே அன்று, வெறும் மடிப்பு. அதன் உள்ளே புகுந்து முன்புறம் வந்து முடியப்படும் இந்தக் கயிற்றை அவிழ்த்தால் மடிப்பு சரிந்துவிடும். ஓபியின் மேல்விளிம்பில் சிறிதளவே தெரியும் பட்டுத்துணியான 'ஓபியாகே', உள்ளே வைத்திருக்கும் சிறு திண்டை மறைக்கிறது.

கயிற்றில் கோக்கும் சிற்றணி 'ஓபிதோமே'. இதன் வரலாறு என்னை மிகவும் கவர்ந்தது. 1876-இல் ஜப்பானின் மெய்ஜி அரசு பொது இடங்களில் வாள் தரிப்பதைத் தடைசெய்தபோது, வாள்களுக்கு உலோக வேலைப்பாடு செய்துவந்த கைவினைஞர்கள் பிழைப்பை இழந்தார்கள். அவர்களில் சிலர் இத்தகைய அணிகளைச் செய்யத் தொடங்கியதால், வாளின் கைப்பிடியில் இருந்த நுட்பம் பெண்களின் ஓபிக்கு வந்து சேர்ந்தது.

கேள்வி: பையில்லாத உடையில் ஆண்கள் தம் பொருள்களை எங்கே வைத்தார்கள்? – வாசகர், சேலம்

பதில்: எடோ காலத்து (1603–1868) ஆண்கள் மருந்துக்கு 'இன்ரோ' என்னும் அரக்குப் பூசிய அடுக்குச் சிமிழையும், புகையிலைக்குச் சிறு பையையும் கயிற்றில் கோத்து இடுப்பிலிருந்து தொங்கவிட்டார்கள். கயிற்றின் மறுமுனையை ஓபிக்கு உள்ளே நுழைத்து மேலே எடுத்து, அங்கே ஒரு குமிழைப் பிணைத்தார்கள். அந்தக் குமிழே 'நெட்சுகே'. மரத்திலோ தந்தத்திலோ செதுக்கப்பட்ட அதில், கயிறு செல்ல இரண்டு துளைகள் இருக்கும். உடையைக் கிழிக்கும் கூர்முனை இராது. கையில் புரட்டிப் பார்க்கும் பொருள் என்பதால் அடிப்பக்கத்தையும் விடாமல் செதுக்கியிருப்பார்கள். மேற்கத்திய உடையும் சிகரெட்டும் பரவிய பின் இதன் தேவை குறைந்து, பல நெட்சுகேக்கள் வெளிநாட்டுச் சேகரிப்புகளுக்குப் போயின. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இவற்றைக் காணலாம்.

கேள்வி: கியோத்தோ செல்லும் என் மகள் வாடகைக் கிமோனோ அணிய விரும்புகிறாள். எதில் கவனம் தேவை? – வாசகி, மதுரை

பதில்: ஆணானாலும் பெண்ணானாலும், அணிபவரின் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் வர வேண்டும், மாற்றி உடுத்துவது இறந்தவர்களுக்கு உரிய முறை. கடையில் அவர்களே உடுத்திவிடுவார்கள் என்றாலும், நடுவில் கலைந்தால் இதை நினைவில் வைத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். கோடையில் சென்றால் மெல்லிய பருத்திக் கிமோனோவான 'யுகாதா'வே போதும். அதற்குப் பெருவிரல் பிரிந்த 'தபி' காலுறை தேவையில்லை; வெறுங்காலில் 'கெத்தா' மரச்செருப்பு அணிவதே வழக்கம்.