துடைத்த பிறகும் ஏன் நாற்றம்?

கேள்வி: பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்த என் அம்மா, கோவையில் ஒரு முதியோர் இல்லத்தில் படுத்த படுக்கையாக இருக்கிறார். தினமும் உடம்பு துடைத்துவிடுவதாகச் சொல்கிறார்கள். ஆனாலும் அருகில் போனால் துர்நாற்றம் வீசுகிறது. நான் என்ன கேட்க வேண்டும்?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அன்புச் சகோதரி, உடம்பைத் துடைத்த பிறகும் நாற்றம் இருந்தால் முதலில் வாயைப் பார்க்க வேண்டும். படுக்கையில் இருப்பவர்களின் பராமரிப்பில் பெரும்பாலும் விட்டுப்போவது அதுதான். பக்கவாதம் வந்தவர்களுக்குச் செயலிழந்த பக்கத்துக் கன்னத்துக்குள் சோற்றுப் பருக்கைகள் ஒதுங்கி நிற்கும்; உணர்ச்சி குறைந்திருப்பதால் அது அவர்களுக்கே தெரியாது. அடுத்த முறை போகும்போது, சாப்பாடு முடிந்த நேரமாகப் பார்த்து, டார்ச் அடித்து அம்மாவின் வலக் கன்னத்தின் உட்புறத்தைப் பாருங்கள். அங்கே பெருகும் கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரக்கூடும். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் நடத்தப்பட்டு 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒவ்வொரு வேளை உணவுக்குப் பிறகும் பல் துலக்கிவிடப்பட்ட முதியவர்களிடையே நிமோனியா குறைவாகவே காணப்பட்டது. எனவே காலையில் ஒரு முறை துலக்கிவிட்டோம் என்ற பதிலோடு திருப்தி அடையாதீர்கள். ஆனால் மல்லாக்கப் படுத்திருப்பவரின் வாயில் தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்கச் சொல்வது ஆபத்து. தலைமாட்டை உயர்த்தி, முகத்தைப் பக்கவாட்டில் சாய்த்து, தண்ணீரை உதறிய மென்மையான பிரஷ்ஷால்தான் துலக்க வேண்டும். பல்செட் இருந்தால் இரவில் கழற்றிவிட வேண்டும்.

அடுத்து டயப்பர். எந்தெந்த நேரத்தில் மாற்றினார்கள் என்ற பதிவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்காவிட்டால் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும். துடைத்ததும் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். அதன்மேல் பவுடரைக் கொட்டினால் தோல் மடிப்புகளில் திரண்டு உறுத்தும். அப்போதே முதுகின் அடிப்பகுதியையும் குதிகால்களையும் பார்க்கச் சொல்லுங்கள். நம் நிறத்துக்குப் படுக்கைப் புண்ணின் தொடக்கச் சிவப்பு கண்ணில் படாமல் போகலாம். கருத்தோ சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும் இடத்தைத் தேய்க்காமல், அழுத்தம் படாதவாறு திருப்பிப் படுக்கவைத்து, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

திரை போடுகிறார்களா, பெண் பணியாளர்தான் செய்கிறாரா, துடைக்கும் பாகம் தவிர மற்றவற்றைப் போர்த்தியிருக்கிறார்களா, "அம்மா, இப்போ திருப்பிப் படுக்க வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடுகிறார்களா என்பதையும் அவசியம் கவனியுங்கள். பேச்சு நின்றுவிட்டதால் வெட்கமும் நின்றுவிடுவதில்லை.

இவற்றை மேலாளரிடம் மட்டும் சொல்லாமல், அம்மாவைத் தினமும் கவனிக்கும் பணியாளரிடமே மரியாதையாகப் பேசுங்கள். ஓர் ஆள் எத்தனை பேரைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்றும் கேளுங்கள். பலமுறை சொல்லியும் மாற்றம் இல்லையென்றால், முதியோருக்கான அரசு உதவி எண் 14567-இல் தயங்காமல் புகார் செய்யுங்கள்.