கதைச்சுருக்கம் கேட்காத குறிப்பேடு
(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: எட்டாம் வகுப்பில் 40 மாணவர்களுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். வாசிப்பில் ஆர்வம் வளர வேண்டும் என்று ஆளுக்கொரு குறிப்பேடு கொடுத்து, நூலின் பெயர், ஆசிரியர் பெயர், கதைச்சுருக்கம், கதை உணர்த்தும் நீதி ஆகிய நான்கையும் வாரந்தோறும் எழுதி வரச் சொன்னேன். பலர் பின்னட்டையில் அச்சிட்டிருப்பதை அப்படியே எழுதுகிறார்கள். மற்றவர்கள் அவர்களைப் பார்த்து எழுதுகிறார்கள். எங்கே பிசகுகிறது?
– தமிழாசிரியை, திருவாரூர் மாவட்டம்

பதில்: நீங்கள் கேட்ட நான்கு கேள்விகளுக்கும் நூலைத் திறக்காமலேயே விடை எழுதிவிட முடியும். பெயர்கள் முன்னட்டையில் இருக்கின்றன. சுருக்கம் பின்னட்டையில் இருக்கிறது. நீதியோ, ‘ஒற்றுமையே பலம்’ என்று எழுதினால் பாதிக் கதைகளுக்குப் பொருந்திவிடும். படித்ததற்குச் சான்று கேட்கும் குறிப்பேட்டில் மாணவர் சான்றை மட்டுமே தருவார். ஆகவே இதை மாணவர்களின் சோம்பல் என்று நான் கருதவில்லை.

அமெரிக்க இலக்கியக் கல்வியாளர் லூயிஸ் ரோசன்பிளாட் 1938 முதல் வலியுறுத்திவந்த கருத்து இங்கே உதவும். ஒரு படைப்பின் பொருள் தாளில் முழுமையாக அடங்கிக் கிடப்பதில்லை என்றும், வாசகர் தம் அனுபவத்தோடு வந்து படிக்கும்போதுதான் அது உருக்கொள்கிறது என்றும் அவர் கூறினார். தகவலுக்காகப் படிப்பதையும், படிக்கும் பொழுதில் நமக்குள் நிகழ்வதைக் கவனித்துப் படிப்பதையும் அவர் பிரித்துக் காட்டினார். குழந்தை நஞ்சை விழுங்கிவிட்ட பதற்றத்தில், மாற்றுமருந்து எதுவெனப் புட்டியின் மேல் ஒட்டிய தாளில் தேடும் தாயின் வாசிப்பை முதல் வகைக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னார். கதைச்சுருக்கம் கேட்கும்போது, கதையையும் அந்தத் தாளைப் போலவே படிக்கும்படி நம்மை அறியாமல் பழக்கிவிடுகிறோம்.

எனவே முதலில் கேள்வியை மாற்றுங்கள். ஆன் பெர்தாஃப் என்னும் பேராசிரியர் பரிந்துரைத்த இருபக்கக் குறிப்பேட்டை நம் வகுப்புக்கு எளிதாக்கிக்கொள்ளலாம். தாளின் நடுவே ஒரு கோடு. படிக்கும்போது நின்று யோசிக்க வைத்த ஒரு வரியைப் பக்க எண்ணோடு இடப்புறத்திலும், அந்த வரி எழுப்பிய எண்ணத்தையோ, ஐயத்தையோ, கோபத்தையோ வலப்புறத்திலும் எழுத வேண்டும். நூலை முடித்துவிட்டு நினைவிலிருந்து எழுதாமல், படிக்கும் போதே இடையில் நிறுத்தி எழுதுவது முக்கியம். ஒரே கதையைப் படித்தாலும் இருவர் ஒரே வரியில் நின்று ஒன்றையே எண்ணுவது அரிது என்பதால், பார்த்து எழுதும் பழக்கம் பெருமளவு குறையும். அப்படியும் எழுதினால் உடனே தெரிந்துவிடும்.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பொன்செய் கொல்லன் தன்சொற் கேட்ட யானோ அரசன் யானே கள்வன்’ என்ற வரியை இடப்புறம் எழுதும் ஒரு மாணவி, ‘அரசன் தன் தவற்றை ஒப்புக்கொண்டான், சரி, அந்தப் பொற்கொல்லனை ஏன் ஒருவரும் அழைத்து விசாரிக்கவில்லை?’ என்று வலப்புறம் எழுதக்கூடும். தேர்வில் எந்த வினாவுக்கும் விடையாகாத கேள்வி இது. ஆனால் காப்பியத்தின் நீதியுணர்வையே தொடுகிற கேள்வி. ‘நூலின் தொடக்கத்தில் உள்ள உரைபெறு கட்டுரையைப் படித்துப் பார், பின்னர் பாண்டியன் வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டதாக அங்கே வருகிறது. ஒருவன் செய்த குற்றத்துக்கு அது நீதியாகுமா?’ என்று நீங்கள் இரண்டு வரி எழுதித் திருப்பிக் கொடுத்தால், அந்த மாணவி அடுத்த பக்கத்தை எழுதாமல் இருக்க மாட்டாள். நீதி என்ன என்று கேட்டிருந்தால் ‘ஆராயாமல் தீர்ப்பளிக்கக் கூடாது’ என்ற ஒற்றை வரியோடு அது முடிந்திருக்கும்.

எதைப் பற்றி எழுதுவது என்று திகைப்பவர்களுக்குச் சில தூண்டுதல்கள் கொடுக்கலாம்: இந்தப் பாத்திரத்தின் இடத்தில் இருந்தால் நீ எதைச் செய்திருக்க மாட்டாய்? எந்த இடத்தில் உனக்குச் சலிப்புத் தட்டியது? கதாசிரியர் சொல்லாமல் விட்டது எது? இவற்றில் சலிப்பைப் பற்றிய கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஒரு நூல் பிடிக்கவில்லை என்று காரணத்தோடு எழுத அனுமதி பெற்ற மாணவர், பிடித்த நூலைப் பற்றியும் உண்மையாக எழுதுவார்.

கேள்வி: இப்படி எழுதவிட்டால் ஒவ்வொரு வரியிலும் பிழை மலிகிறது. ர, ற வேறுபாடு தெரிவதில்லை. ஒற்று மிகும் இடம் தெரிவதில்லை. திருத்தாமல் விட்டால் தலைமை ஆசிரியர் கேட்கிறார். சிவப்பு மையில் திருத்தினால் மாணவர்கள் அடுத்த முறை இரண்டே வரியில் முடித்துக்கொள்கிறார்கள்.
– பட்டதாரி ஆசிரியர், தருமபுரி மாவட்டம்

பதில்: உங்கள் கடைசி வாக்கியத்திலேயே விடை இருக்கிறது. தவறாக எழுதிவிடுவோமோ என்று அஞ்சும் மாணவர், பிழையின்றி எழுதத் தெரிந்த சொற்களால் மட்டுமே சிந்திக்கத் தொடங்குவார். 1970களின் இறுதியில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் லெஸ்லி ரீட் என்ற ஆறாம் வகுப்பு ஆசிரியை, தம் மாணவர்களுடன் குறிப்பேட்டின் வழியே நாள்தோறும் எழுத்தில் உரையாடிவந்தார். அவற்றை ஜானா ஸ்டேட்டன் என்பவர் விரிவாக ஆராய்ந்த பிறகே, ‘உரையாடல் குறிப்பேடு’ கல்வியுலகில் பரவலாக அறிமுகமாயிற்று. ரீட் பிழைகளைக் குறியிட்டுத் திருத்தவில்லை. மாணவர் சொன்னதற்குப் பதில் எழுதினார்.

அதனால் மொழித்திருத்தமே கூடாது என்பது என் கருத்தன்று. அதற்கு உரிய இடம் வேறு. மாணவர் ‘அறம்’ என்பதை ‘அரம்’ என்று எழுதியிருந்தால், உங்கள் பதிலில் அச்சொல்லைச் சரியான வடிவில் இயல்பாக ஆளுங்கள். அரம் இரும்பை அராவும் கருவி என்பதை வகுப்பில் சிரிப்போடு சொல்லிக்கொள்ளலாம். வகுப்பில் பலரிடமும் திரும்பத் திரும்ப வரும் பிழைகளைப் பெயர் குறிப்பிடாமல் தொகுத்து, வாரம் ஒரு முறை இலக்கணப் பாடவேளையில் கரும்பலகையில் எழுதிப் பயிற்சி அளியுங்கள். கட்டுரை ஏட்டைத் திருத்துவது போலவே இதையும் திருத்தினால், இது இரண்டாவது கட்டுரை ஏடு ஆகிவிடும் என்று தலைமை ஆசிரியரிடம் தயங்காமல் சொல்லலாம்.

கேள்வி: 5 வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் நான் எல்லாக் குறிப்பேடுகளுக்கும் பதில் எழுதுவது நடைமுறையில் இயலுமா?
– ஆங்கில ஆசிரியர், மதுரை

பதில்: இயலாது, முயலவும் வேண்டாம். ஒரே ஒரு வகுப்பில் தொடங்குங்கள். 40 பேர் என்றால் நாளொன்றுக்கு 8 குறிப்பேடுகள் வாங்கினால், வேலைநாள்கள் ஐந்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். ஒவ்வொன்றிலும் இரண்டு வரி போதும், அவற்றில் ஒன்று கேள்வியாக இருந்தால் நல்லது. ‘நன்று’, ‘மிக நன்று’ என்று எழுதுவதைக் காட்டிலும் எழுதாமலே விடலாம். பார்த்ததற்கு அடையாளமாக இடும் கையொப்பத்தை எந்த மாணவரும் பதிலாக ஏற்பதில்லை. மாதத்தில் ஒரு வாரம் ஏடுகளை மாணவர்களே இணை இணையாக மாற்றிக்கொண்டு ஒருவருக்கொருவர் பதில் எழுதட்டும். ஆசிரியரின் பரிந்துரையைவிடத் தோழியின் ‘இதைப் படித்துவிட்டு எனக்குக் கொடு’ என்ற ஒரு வரிதான் நூலகத்துக்கு விரைவாக அனுப்பிவைக்கும்.

கேள்வி: வளரறி மதிப்பீட்டில் (பாடம் நடக்கும்போதே தொடர்ந்து செய்யும் மதிப்பீடு) இதற்கு மதிப்பெண் தரலாமா?
– இடைநிலை ஆசிரியர், கரூர் மாவட்டம்

பதில்: தொடர்ந்து எழுதியதற்குத் தரலாம், எழுதிய கருத்துக்குத் தர வேண்டாம். கருத்துக்கு மதிப்பெண் வந்தால், மாணவர் உங்களுக்குப் பிடித்த கருத்து எதுவெனத் தேடத் தொடங்குவார்.

கேள்வி: என் மகள் நான்காம் வகுப்பில் படிக்கிறாள். கையில் கிடைத்ததையெல்லாம் படித்தவள், படித்த ஒவ்வொன்றைப் பற்றியும் எழுத வேண்டும் என்று பள்ளியில் சொன்ன நாளிலிருந்து நூலைத் தொடவே தயங்குகிறாள்.
– ஒரு தாய், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் மகள் செய்வது முற்றிலும் நியாயமானது. ஒவ்வொரு வாசிப்புக்கும் எழுத்துவேலை அபராதமாக விதிக்கப்பட்டால், அபராதத்தைத் தவிர்க்க வாசிப்பையே தவிர்ப்பதுதான் அவளுக்குத் தெரிந்த வழி. ஐந்து நூல் படித்தால் அவள் விரும்பும் ஒன்றைப் பற்றி மட்டும் எழுதட்டும் என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். அந்த வயதில் எழுத்து கட்டாயமும் இல்லை. கதையில் வந்த வீட்டை வரைந்து அதன் கீழே ஒரு வரி எழுதலாம். பாத்திரம் ஒன்றுக்குக் கடிதம் எழுதலாம். அவள் வாயால் சொல்ல, நீங்கள் ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதிக்கொடுக்கலாம். எழுதப் படிக்க இன்னும் தடுமாறும் பிள்ளைகளுக்கும் இந்தக் கடைசி வழி மிகவும் பயன்படும். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் வெளியிட்ட சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலைகளாக அமைந்திருப்பதால், ஒரே வகுப்பில் அவரவர் நிலைக்கேற்ற நூலைக் கொடுத்து இதைச் செய்ய முடியும். அரசுப் பள்ளிகளில் கிடைக்கும் ‘ஊஞ்சல்’ இதழின் சிறு கதைகளும் இதற்கு ஏற்றவை.

வீட்டில் அந்த ஏட்டை அவளைக் கேட்காமல் திறக்காதீர்கள். அவளே காட்டினால், கையெழுத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல் கதையைப் பற்றி மட்டும் பேசுங்கள்.