நெல்லையில் வீட்டுக்கு எந்த இன்டர்நெட்? கேள்விகளும் பதில்களும்

கேபிள் டி.வி. ஒயர் இழுத்த காலத்தில் தொடங்கி, இன்று ஃபைபர் ஜாயின்ட் போடுவது வரை 18 வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். பாளையங்கோட்டை, டவுன், ஜங்ஷன், மேலப்பாளையம் என்று எல்லாப் பக்கமும் கம்பத்தில் ஏறியிருக்கிறேன். இப்போது எந்த நிறுவனத்துக்கும் ஆள் பிடித்துக் கொடுப்பதில்லை. அதனால் மனதில் உள்ளதை அப்படியே சொல்கிறேன்.

பெருமாள்புரத்தில் வீடு, ஐ.டி. வேலை, வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்துதான். ஜியோ, ஏர்டெல், பி.எஸ்.என்.எல். மூன்றில் எதை எடுக்கலாம் அண்ணாச்சி?

முதலில் உங்கள் தெருவில் ஐந்தாறு வீடுகளில் கேளுங்கள். "ஸ்பீடு எப்படி" என்று கேட்க வேண்டாம், எல்லாரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். "கடைசியாக லைன் அறுந்தபோது எத்தனை மணி நேரத்தில் சரி செய்தார்கள்?" என்று கேளுங்கள். ஒரே நிறுவனம் மகாராஜநகரில் இரண்டு மணி நேரத்தில் ஆள் அனுப்பும், தச்சநல்லூரில் இரண்டு நாள் இழுத்தடிக்கும். அந்தப் பகுதியில் எத்தனை டெக்னீஷியன் இருக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

பி.எஸ்.என்.எல். ஃபைபரில் இது இன்னும் முக்கியம். பெரும்பாலும் வீடு வரை ஒயர் இழுத்து, பழுது பார்ப்பவர் ஒரு உள்ளூர் பங்குதாரர். அவர் நல்லவராக அமைந்தால் அதைவிட நிம்மதியான லைன் கிடையாது, போன் போட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். அவர் சரியில்லை என்றால் அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டும்.

விலையில் ஒன்றைக் கவனியுங்கள். விளம்பரத்தில் வரும் தொகையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்காது. 699 ரூபாய் பிளான் என்றால் கையை விட்டுப் போவது சுமார் 825, 999 என்றால் 1,179. 'அளவில்லாதது' என்று சொன்னாலும் ஃபைபர் பிளான்களில் மாதம் 3,300 ஜி.பி. அளவில் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். ஒரு குடும்பம் அதைத் தொடுவது கஷ்டம், கவலை வேண்டாம்.

உங்கள் வேலைக்கு 100 மெகாபிட் தாராளம். பிளானில் அப்லோடு வேகம் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீடியோ கூட்டத்தில் உங்கள் முகமும் குரலும் மேலே போவது அந்த வழியில்தான்.

அதே வேலைக்கு இரண்டாவது லைன் ஒன்று வைத்துக்கொள்வது வீண் செலவா?

வேலை போய்விடும் என்ற பயம் இருந்தால் வீண் இல்லை. ஆனால் இரண்டு ஒயரும் ஒரே மின்கம்பம் வழியாக வந்தால் இரண்டு லைனுக்குக் காசு கொடுத்தும் பயன் இல்லை. குப்பை லாரி ஒருமுறை இழுத்தால் இரண்டும் சேர்ந்து அறும். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டும்போதும் அப்படித்தான். ஒன்று தெருவின் கிழக்கிலிருந்தும் மற்றொன்று மேற்கிலிருந்தும் வருமா என்று கம்பத்தை அண்ணாந்து பார்த்து முடிவு செய்யுங்கள். இல்லையென்றால் இரண்டாவதற்கு வேறு நிறுவனத்தின் சிம் கார்டும் ஹாட்ஸ்பாட்டும் போதும்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் மின்சாரத்தை நிறுத்தினால் மதியம் வரை இன்டர்நெட் இல்லை. இன்வெர்ட்டர் வாங்கும் வசதி இல்லை. (பேட்டை)

இதற்குச் சின்ன வழி இருக்கிறது. மோடம் பெரும்பாலும் 12 வோல்ட்டில்தான் ஓடுகிறது. அதற்கென்றே மினி யு.பி.எஸ். என்ற சின்ன பேட்டரிப் பெட்டி கிடைக்கிறது, சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. மோடம் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து அதற்கு ஏற்றதை வாங்குங்கள். மோடம் ஒன்றை மட்டும் மாட்டினால் சாதாரணமாக மூன்று மணி நேரம் தாங்கும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். மின்சாரம் இல்லாத நேரத்தில், இன்வெர்ட்டர் உள்ள பக்கத்து வீட்டில் அதே நிறுவனத்தின் இன்டர்நெட் வேலை செய்கிறதா என்று பாருங்கள். அங்கேயும் வரவில்லை என்றால் கோளாறு மேலே இருக்கிறது, உங்கள் யு.பி.எஸ். உதவாது.

ஏன் என்று சொல்கிறேன். முறையான ஃபைபரில் கம்பத்தில் தொங்கும் ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை. அது வெறும் கண்ணாடி, ஒளியைப் பிரித்து விடுகிறது, அவ்வளவுதான். ஆனால் சில உள்ளூர் நெட்வொர்க்குகளில் இன்னும் பழைய முறை இருக்கிறது. தெருமுனை வரை ஃபைபர் வரும், அங்கே யாரோ ஒருவர் வீட்டு மாடியில் ஒரு சுவிட்ச் பெட்டி இருக்கும், அதிலிருந்து நீல நிற லேன் ஒயர் வீடு வீடாகப் போகும். அந்த மாடி வீட்டில் மின்சாரம் போனால் தெருவுக்கே போச்சு. ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் அந்தச் செம்பு ஒயர் வழியாக ஏறி சுவிட்ச், உங்கள் மோடம் எல்லாம் கருகிவிடும். ஃபைபர் ஒயரில் அந்தப் பயம் மிகக் குறைவு. ஆக, லைன் போட வருகிறவரிடம் முதல் கேள்வி: "என் வீட்டுக்குள் வருவது ஃபைபரா, லேன் ஒயரா?"

ஓய்வுபெற்ற ஆசிரியை, மகாராஜநகர். மகன் வெளிநாட்டில். 0462 எண்ணோடு பழைய லேண்ட்லைன் வைத்திருக்கிறேன், அதை விட மனமில்லை. தம்பி, எனக்கு எது சரி?

டீச்சர், அந்த எண்ணை விட வேண்டாம். நம் நாட்டில் செல்போன் எண்ணைப் போல லேண்ட்லைன் எண்ணை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோக முடியாது. அதனால் பி.எஸ்.என்.எல். ஃபைபருக்கே மாறுங்கள். பழைய எண்ணையே ஃபைபரில் தருவார்கள், விண்ணப்பத்தில் அதை மறக்காமல் எழுதுங்கள். இருப்பதிலேயே குறைந்த வேகப் பிளான் போதும். மகனோடு வீடியோ பேச ஐந்து மெகாபிட் இருந்தாலே முகம் தெளிவாகத் தெரியும்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பழைய செம்பு லைனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்தது, அதனால் வீட்டில் கரண்ட் போனாலும் போன் அடித்தது. ஃபைபரில் போன் மோடத்தில் மாட்டியிருக்கும். மோடம் அணைந்தால் போனும் ஊமை. தனியாக இருக்கிறீர்கள் என்றால் மேலே சொன்ன மினி யு.பி.எஸ்.ஸை முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

டவுன் ரத வீதி. ஆனித் தேரோட்டம் வந்தால் லைன் போய்விடுகிறது. எந்த நிறுவனத்தில் இது இல்லை?

எந்த நிறுவனமாக இருந்தாலும் நெல்லையப்பர் தேருக்கு வழி விட்டுத்தான் ஆக வேண்டும். தேர் வரும் பாதையில் குறுக்கே போகும் ஒயரைக் கழற்றத்தான் செய்வார்கள். நல்ல ஆள் ஒரு வாரம் முன்பே வந்து இணைப்பைக் கழற்றிச் சுருட்டிக் கட்டிவைப்பார், தேர் நிலைக்கு வந்ததும் திரும்ப மாட்டுவார். மற்றவர்கள் வெட்டிவிட்டுப் போவார்கள். வெட்டி வெட்டி ஒட்டிய ஒயரில் ஒவ்வொரு ஒட்டிலும் ஒளி கொஞ்சம் குறையும். தேருக்குப் பிறகு புது ட்ராப் கேபிள், அதாவது கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஒயர், போட்டுத் தரச் சொல்லுங்கள், அது நியாயமான கோரிக்கை. ரத வீதிக்குக் குறுக்கே வராமல், பின்பக்கச் சந்து வழியாக ஒயர் வர இடமிருந்தால் அதைவிட நல்லது.

அதே டவுன். முன்கட்டில் 200 மெகாபிட் காட்டுகிறது, பின்கட்டில் பத்துகூட வரவில்லை. கம்பெனி ஏமாற்றுகிறதா?

இல்லை, உங்கள் சுவர்தான் காரணம். டவுன் வீடுகள் ரயில் பெட்டி மாதிரி நீளம், சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டாது. 2.4 தாண்டும், வேகம் குறையும். மோடத்தை நடுக்கட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். அப்படியும் போதாது என்றால் வைஃபையைப் பிடித்துத் திரும்பப் பரப்பும் ரிப்பீட்டர் வேண்டாம், நடுவிலிருந்து பின்கட்டுக்கு ஒரு லேன் ஒயர் இழுத்து அங்கே இன்னொரு ரவுட்டர் வையுங்கள். வேகத்தை எப்போதும் லேன் ஒயர் மாட்டிய லேப்டாப்பில் சோதித்துவிட்டு அப்புறம் கம்பெனியிடம் சண்டைக்குப் போங்கள்.

எங்கள் கேபிள்காரர் மாதம் ஐந்நூறுக்கு 100 மெகாபிட் தருகிறார். நம்பலாமா? (மேலப்பாளையம்)

உள்ளூர்க்காரர்களைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது, நானும் அங்கிருந்து வந்தவன். ஆனால் நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன். எங்கள் பகுதியில் ஒருவரிடம் ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினேன், இரண்டு மாதம் இலவசம் என்றார். ஐந்தாவது மாதம் அவர் தன் நெட்வொர்க்கை வேறொருவருக்கு விற்றுவிட்டார். புதியவர் "எனக்குத் தெரியாது" என்றார், பழையவர் போனை எடுக்கவில்லை. கையில் இருந்தது ஒரு துண்டுச் சீட்டு மட்டும். இந்தத் தொழிலில் இருந்த எனக்கே அந்தப் பணம் திரும்பி வரவில்லை.

அதனால் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் மாத மாதம் கட்டுங்கள். ஜி.எஸ்.டி. எண் போட்ட ரசீது கேளுங்கள். பில் எந்த நிறுவனத்தின் பெயரில் வருகிறது என்றும் பாருங்கள். ரயில்டெல் நடத்தும் ரயில்வயர் போன்றவையும் உள்ளூர் ஆட்கள் மூலம்தான் வீட்டுக்கு வருகின்றன, பில் முறையாக இருக்கும்.

அப்புறம் வேகம். இதைச் சோதிக்க வேண்டிய நேரம் இரவு ஒன்பது மணி. ஃபைபரில் நிறுவனத்தின் கருவியில் உள்ள ஒரு போர்ட்டிலிருந்து வரும் சுமார் இரண்டரை கிகாபிட்டை 32 அல்லது 64 வீடுகள் பங்கிடுகின்றன, அது சாதாரணம், தாங்கும். கேபிள்காரர் பெரிய நிறுவனத்திடமிருந்து வாங்கும் இன்டர்நெட் அளவு குறைவாக இருந்தால்தான் எல்லாரும் படம் பார்க்கும் நேரத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே லைன் வைத்திருக்கும் வீட்டில் இரவு ஒன்பதுக்கு ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

முன்னீர்பள்ளம் பக்கம் வீடு. ஃபைபர் வரவில்லை. ஏர்ஃபைபர் என்கிறார்களே?

பெயரில்தான் ஃபைபர், வேலை செய்வது 5ஜி டவரை வைத்து. 2023-ல் ஏர்டெல்லும் ஜியோவும் அடுத்தடுத்து கொண்டுவந்தன. மொட்டை மாடியில் ஒரு பெட்டி வைப்பார்கள். ஃபைபர் கிடைக்காத இடத்துக்கு நல்ல ஏற்பாடு. டவர் எந்தத் திசையில் இருக்கிறது, நடுவில் தென்னந்தோப்போ உயரமான கட்டடமோ மறைக்கிறதா என்று பாருங்கள். சாதாரண பிளானில் மாத வரம்பு 1,000 ஜி.பி., ஃபைபரைவிடக் குறைவு. இருந்தாலும் எச்.டி. தரத்தில் படம் பார்க்க மணிக்கு 3 ஜி.பி. என்று கணக்குப் போட்டால் தினமும் பத்து மணி நேரத்துக்கு மேல் வரும். போதும். ஃபைபர் வந்த பிறகு மாறிக்கொள்ளலாம், அதனால் ஒரு வருடத்துக்குக் கட்ட வேண்டாம்.

அண்ணாச்சி, கேம் விளையாடும்போது பிங் எகிறுது. 300 மெகாபிட் எடுத்தால் சரியாகுமா? (கே.டி.சி. நகர், கல்லூரி மாணவர்)

ஆகாது தம்பி. பிங் என்பது டேட்டா சர்வருக்குப் போய்த் திரும்பி வரும் நேரம். வேகம் கூடுவதால் தூரம் குறையாது. கண்ணாடியில் ஒளி ஆயிரம் கிலோமீட்டர் போக ஐந்து மில்லிசெகண்ட் எடுக்கும். சர்வர் மும்பையில் இருந்தால் போய் வர எடுக்கும் நேரத்தை எந்த பிளானும் அழிக்காது. உன் டேட்டா சென்னை வழியாக நேராகப் போகிறதா, எங்கெங்கோ சுற்றிப் போகிறதா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நண்பர்கள் வீட்டில் வெவ்வேறு லைனில் அதே கேமைத் திறந்து பிங் எவ்வளவு என்று எழுதிவைத்து ஒப்பிட்டுப் பார். அதற்கு முன்னால் வைஃபையை விட்டுவிட்டு லேன் ஒயர் மாட்டு, பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷன், வண்ணார்பேட்டை எல்லாம் மூழ்கியது. அதன் பிறகு எங்கள் லைன் அடிக்கடி விட்டு விட்டு வருகிறது.

ஃபைபர் கண்ணாடிக்குத் தண்ணீரால் ஒன்றும் ஆகாது. ஒட்டுப் போட்ட பெட்டிக்குள் தண்ணீரும் சேறும் புகுந்து தங்கிவிட்டால்தான் நாளாக நாளாக ஒளி குறையும். மோடத்தில் LOS என்று எழுதிய லாஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை. அது எரியாமலேயே லைன் நின்று நின்று வந்தால் ஒளி குறைவாக வருகிறது. டெக்னீஷியன் வந்ததும் "பவர் மீட்டர் வைத்து எவ்வளவு என்று காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். அது ஒளியின் அளவை டி.பி.எம். என்ற கணக்கில் காட்டும், மைனஸ் 15-க்கும் மைனஸ் 25-க்கும் நடுவில் இருந்தால் நல்லது. மைனஸ் 27-ஐத் தாண்டிவிட்டால் மோடத்தை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இல்லை, வெளியே ஒட்டைப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். அணில் கடித்த ஒயரும் இதே மாதிரிதான் காட்டும். வேப்பமரம் வழியாக வரும் ஒயரை ஒருமுறை பாருங்கள்.

பத்து நாளாகப் புகார் செய்தும் யாரும் வரவில்லை. யாரிடம் போவது?

வாய்ப் பேச்சாகச் சொன்ன புகார் கணக்கில் வராது. புகார் எண் வாங்குங்கள், தேதியோடு எழுதிவையுங்கள். சரியாகவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் எழுதலாம், இது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதியில் உள்ள உரிமை. அதுவும் பலன் தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் போகலாம். தொலைத்தொடர்பு வழக்குகளை அங்கே கொண்டுபோக முடியும் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

வாடகை வீடு, எட்டு மாதத்தில் காலி செய்வேன். எதைக் கவனிக்க வேண்டும்?

இன்ஸ்டாலேஷன் இலவசம் என்றால் எத்தனை மாதம் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். காலி செய்யும்போது மோடத்தைத் திருப்பிக் கொடுத்ததற்கு, அதன் சீரியல் எண் எழுதிய ரசீது வாங்காமல் ஆளை அனுப்ப வேண்டாம். ரசீது இல்லாமல் கொடுத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து மோடத்துக்கு விலை கேட்டு வந்த செய்தியோடு என்னிடம் வந்தவர்கள் நிறையப் பேர்.