புத்தர் பிறந்தநாள் எது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கொரிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். 2024இல் எங்கள் கொரிய மேலாளர் மே 15 புத்தர் பிறந்தநாள் என்றார். கொழும்பு நண்பன் மே 23தான் வெசாக் என்றான். ஜப்பானில் ஏப்ரல் 8ஆம். எது சரி?
செ., காஞ்சிபுரம்

அன்புள்ள செ.,

மூன்றும் சரிதான். சீன மரபில் புத்தர் பிறந்தது நான்காம் மாதத்து எட்டாம் நாள், கொரியா இன்றும் அதைச் சந்திரக் கணக்கில்தான் பார்க்கிறது, அந்த வருஷம் அது மே 15இல் வந்தது. ஜப்பான் 1873இல் ஆங்கில நாட்காட்டிக்கு மாறிவிட்டது, ஆனால் நான்கு, எட்டு என்ற எண்களை விடவில்லை. அதனால் நிலா எந்தப் பிறையில் இருந்தாலும் ஏப்ரல் 8தான். இலங்கைக்குப் பௌர்ணமி, அதுதான் வெசாக்.

சரி, தேதியை விடுங்கள். அந்த நாளில் எதை நினைக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இலங்கை பின்பற்றும் தேரவாத பௌத்தத்தில் புத்தரின் பிறப்பு, ஞானம், பரிநிர்வாணம் (அதாவது மறைவு) மூன்றும் ஒரே வெசாக் பௌர்ணமியில். அதனால்தான் வெள்ளை உடுத்து விகாரையில் சீலம் எடுத்து, அதாவது ஒழுக்க நோன்பு ஏற்று, உட்கார்ந்திருப்பவர்களையும், குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வெசாக் கூடு என்ற காகித விளக்குகளைப் பார்க்கப் போகிறவர்களையும், தன்சல் என்ற இலவச உணவுப் பந்தலில் சோற்றுக்கு வரிசையில் நிற்பவர்களையும் ஒரே தெருவில் பார்க்கலாம். திபெத்தியர்கள் பிறப்பைத் தனியாக வைத்து, மற்ற இரண்டையும் சாகா தாவா என்ற தங்கள் நான்காம் மாதப் பௌர்ணமியில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

ஜப்பானில் மூன்றும் தனித்தனி: பரிநிர்வாணம் பிப்ரவரி 15, பிறப்பு ஏப்ரல் 8, ஞானம் டிசம்பர் 8. அந்த ஏப்ரல் நாளில் கோயிலில் பூவால் வேய்ந்த ஒரு சின்னப் பந்தல் இருக்கும். உள்ளே சாண் உயரக் குழந்தை புத்தர், ஒரு கை வானத்தைக் காட்டும், மற்றது பூமியை. சிறு அகப்பையால் இனிப்பான மூலிகைத் தேநீரை மொண்டு தலையில் ஊற்றுவார்கள். குழந்தையைக் குளிப்பாட்டுவதுதான் அன்றைக்கு வழிபாடு, அங்கே மரணத்தின் நினைப்பே கிடையாது. டிசம்பர் 8க்கு ஜென் மடங்களில் ஒரு வாரம் முன்பிருந்தே தியானத்தில் அமர்ந்துவிடுவார்கள், கடைசி இரவு தூங்குவதே இல்லை. சீனாவிலும் ஞானம் பெற்ற நாள் தனிதான், பன்னிரண்டாம் மாதத்து எட்டாம் நாள். அன்று அரிசி, பயறு, பருப்பு, இலந்தை எல்லாம் போட்டுக் கஞ்சி காய்ச்சுவார்கள், ஞானம் பெறுவதற்கு முன் புத்தருக்குச் சுஜாதை என்ற பெண் கொடுத்த பாற்சோற்றின் நினைவாக.

அப்புறம், நம் மணிமேகலையிலும் இந்த நாள் உண்டு. கோமுகிப் பொய்கையில் அமுதசுரபி மேலே வருவது வைகாசி விசாகத்தில், புத்தர் பிறந்த நாளில். ஆக, நம் காப்பியக் கணக்கு உங்கள் கொழும்பு நண்பரின் பக்கம்.