மாடித் தோட்டத்தில் செய்து பார்ப்பதெல்லாம் ஆராய்ச்சி ஆகுமா?

பஞ்சகவ்யம் தெளித்தேன், வெண்டை நன்றாகக் காய்த்தது, இதை ஆராய்ச்சி என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டமும் ஆய்வுக்கூடமும் இல்லை என்று சிரித்தால் கண்டுகொள்ளாதீர்கள். மரபியலுக்கு அடித்தளம் போட்ட மெண்டல் பட்டாணி வளர்த்தது மடத்துத் தோட்டத்தில்தான். டார்வின் 1855 வாக்கில் தன் வீட்டிலேயே விதைகளை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்த்தார். 87 வகைகளில் 64 வகை, 28 நாள் ஊறிய பிறகும் முளைத்தன. விதைகள் கடல் தாண்டித் தீவுகளுக்குப் போக முடியுமா என்பது அவருடைய கேள்வி. முதல் முடிவுகளை எழுதியதும் ஒரு தோட்டக்கலை வார இதழில்தான்.

சரி, உங்கள் வெண்டைக்கு வருவோம். தெளிக்காத செடி ஏதாவது வைத்திருந்தீர்களா? இல்லையென்றால் காய்த்தது பஞ்சகவ்யத்தாலா, விதையாலா, அந்த மாத வெயிலாலா என்று எப்படிச் சொல்வது? அது அனுபவம். ஆராய்ச்சி என்று நான் சொல்ல மாட்டேன்.

அடுத்த முறை ஒரே பாக்கெட் விதை, ஒரே மண்கலவை, பத்துப் பை. ஐந்துக்கு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம் கலந்த கரைசல், மற்ற ஐந்துக்கு அதே அளவு வெறும் தண்ணீர். எந்தப் பை எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். நாமாக வைத்தால் செல்லச் செடிகளை நல்ல வெயிலில் வைத்துவிட்டு, மற்றதைக் கைப்பிடிச் சுவர் நிழலில் தள்ளிவிடுவோம். இந்தக் குலுக்கலைத்தான் புள்ளியியலாளர் ஃபிஷர் 1920களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலைய வயல்களை வைத்து முறைப்படுத்தினார்.

எண்ணிக்கையோடு எடையும் குறியுங்கள். வெண்டையை இரண்டு நாள் விட்டால் முற்றி எடை கூடிவிடும், அதனால் எல்லாப் பையிலும் ஒரே நாளில் பறிக்க வேண்டும். எடை போடுகிறவருக்கு எது எந்தப் பை என்று தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. சிரிக்கிறவர்களிடமே தராசைக் கொடுங்கள்!

பத்துப் பை கொஞ்சம்தான். ஒரு பருவத்தை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது, இன்னொரு முறை செய்ய வேண்டும். அப்புறம், வித்தியாசமே இல்லை என்று வந்தாலும் எழுதுங்கள். நான் கத்தரிக்கு மீன் அமிலத்தை (மீன் கழிவில் செய்யும் கரைசல்) இப்படிப் பார்த்தபோது சொல்லும்படி ஒன்றும் தெரியவில்லை, வாடை மட்டும் பக்கத்து வீடு வரை போனது. நல்ல காய்ப்பு கிடைத்தவர்கள் மட்டும் எழுதுவதால்தான் எல்லாக் கரைசலும் அற்புதமாகத் தெரிகிறது.