15 வருடம் ஓடாமல் கிடந்த அம்மாவின் கால் மெஷினைத் திரும்ப ஓட வைக்கலாமா?

கேள்வி: தையல் பழகியது அம்மாவிடம்தான். அவருடைய சிங்கர் கால் மெஷின் வெள்ளவத்தை வீட்டில் 15 வருடமாக மூடிக் கிடக்கிறது. சில்லு அசையவில்லை, வார் அறுந்துவிட்டது. மகளுக்கும் அதிலேயே பழக்க ஆசை. திருத்தலாமா, புதிது வாங்குவதா?

பதில்: திருத்தலாம். புறக்கோட்டையில் சிங்கர் கடை திறந்தது 1877இல். அன்றிலிருந்து கொழும்பு வீடுகளுக்கு வந்த கால் மெஷின்களின் தலை வார்ப்பிரும்பு, உள்ளே இருப்பது உருக்கு. உடைவதற்கு அதிகம் ஒன்றுமில்லை. சில்லு அசையாததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: பழைய எண்ணெய் காய்ந்து பசையாகிவிட்டது. அதிலும் யாராவது தேங்காயெண்ணெய் விட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். 24 பாகைக்குக் கீழே அது உறைந்துவிடும். நுவரெலியா வீடு என்றால் காலையில் மெஷின் கல்லாகத்தான் இருக்கும். கொழும்பில் பெரும்பாலும் உறையாது, ஆனால் பழுதாகி ஒட்டும்.

சில்லைப் பலமாகத் திருப்பாதீர்கள். முதலில் சில்லின் நடுவில் இருக்கும் குமிழைப் பாருங்கள். பொபினுக்கு (அடிநூல் சுற்றும் சின்னக் கட்டை) நூல் சுற்றும்போது அதைத் தளர்த்துவார்கள். அது தளர்ந்திருந்தால் சில்லு மட்டும் சுற்றும், ஊசி அசையாது. அது பழுதல்ல, குமிழை இறுக்கினால் சரி. உங்களுடையதில் சில்லே அசையவில்லை என்பதால் அடுத்த வேலை மண்ணெண்ணெய். தலையின் மேலே உள்ள எண்ணெய்த் துளைகள், ஊசித் தண்டு, இடப்பக்க முகத் தகட்டின் உட்பக்கம், பின்னால் வட்டத் தகட்டைத் திறந்தால் தெரியும் மூட்டுகள், தலையைப் பின்னால் சாய்த்தால் அடியில் ஒன்றோடொன்று உரசும் இடங்கள் எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு துளி விட்டு ஓர் இரவு விடுங்கள். சமையலறைக்குப் பக்கத்தில் வேண்டாம். மறுநாள் சில்லைக் கால் அங்குலம் முன்னே, கால் அங்குலம் பின்னே என்று ஆட்டுங்கள். அசையாவிட்டால் இன்னும் இரண்டு துளி, இன்னுமோர் இரவு. மூன்று நாள் எடுத்தாலும் பரவாயில்லை.

அசைந்ததும் நிறையப் பேர் அதோடு விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் பிழை விடுகிறார்கள். மண்ணெண்ணெய் கழுவும், வழுவழுப்பைத் தராது. வழியும் கறுப்பு ஊத்தையைத் துடைத்துவிட்டு, அதே இடங்களுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு துளி விடுங்கள். கறள் நீக்கத் தெளிக்கும் ஸ்பிரே அதற்குப் பதிலாகாது. பின்பு ஊசிக்குப் பக்கத்தில் துணியை அழுத்தும் மெஷின் பாதத்தைத் தூக்கி வைத்து, நூல் இல்லாமல் 5 நிமிடம் ஓட்டுங்கள். முதல் தையலைப் பழந்துணியில் போடுங்கள், மிச்ச எண்ணெய் அதில் இறங்கட்டும்.

கறுப்பு உடலில் இருக்கும் பொன்நிறப் பூவேலையை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டாம். பழைய மெஷின்களின் மேற்பூச்சு ஷெலாக். ஸ்பிரிட்டில் கரைந்து பூவும் சேர்ந்து போகும். மெஷின் எண்ணெய் தொட்ட பருத்தித் துணி போதும்.

அடுத்தது ஊசித் தகடு. அதன் இரண்டு திருகாணிகளையும் அவற்றின் வெட்டுக்கு அளவான ஸ்குரூ டிரைவரால்தான் கழற்ற வேண்டும், சின்னது போட்டால் வெட்டு மழுங்கிவிடும். தகட்டுக்கு அடியில், துணியைத் தள்ளும் பற்களுக்கு இடையில் பஞ்சும் எண்ணெயும் சேர்ந்து தடித்த கம்பளித் துண்டு மாதிரி இறுகிக் கிடக்கும். பற்கள் மேலெழும்ப முடியாததால்தான் துணி நகராமல் ஒரே இடத்தில் தையல் குவிகிறது. ஒரு குண்டூசியால் கிண்டி எடுத்துவிடுங்கள். பொபின் கேஸையும் கழற்றி, உள்ளே அறுந்த நூல் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு அங்குல நூல் ஒன்றே மெஷினை முழுதாக நிறுத்திவிடும்.

வார்: தோல் வார், உருண்டை, ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் தடிப்பு, 72 அங்குல நீளம், ஒரு கம்பிக் கொக்கியோடு வரும். மேல் சில்லிலும் கீழ்ச் சில்லிலும் போட்டு அளந்து, மிஞ்சுவதை வெட்டி, நுனியிலிருந்து கால் அங்குலம் விட்டுத் துளையிட்டு, கொக்கியைக் குறட்டால் நெரியுங்கள். புதுத் தோல் முதல் சில வாரத்தில் நீளும், அப்போது இன்னும் கொஞ்சம் வெட்ட வேண்டி வரும். அதற்குப் பயந்து இப்போதே வீணைத் தந்தி மாதிரி இறுக்கினால் மிதி கனக்கும். வழுக்காத அளவுக்கு மட்டும் இறுக்கினால் சரி.

இனி ஊசி. இன்றைய வீட்டுத் தையல் ஊசிப் பக்கெட்டில் எச்ஏ×1 (HA×1) என்றிருக்கும், பழைய 15ஆம் வகுப்பு (சிங்கர் தன் மெஷின் வகைக்கு வைத்த எண்) சிங்கருக்கும் அதுவேதான். மெல்லிய வொயில், ஜோர்ஜெட்டுக்கு 9 அல்லது 11, பொப்ளின், சீத்தை, படுக்கை விரிப்புக்கு 14, ஜீன்ஸுக்கு 16. ஊசியின் தலையில் ஒரு பக்கம் தட்டை, எதிர்ப்பக்கத்தில் நீளமாக ஒரு பள்ளம். நூல் நுழைவது பள்ளப் பக்கத்தால். எந்தப் பக்கம் என்று குழம்பினால், ஊசிக்கு மேலே உள்ள கடைசி நூல் வளையம் எந்தப் பக்கம் இருக்கிறதென்று பாருங்கள். பள்ளமும் அந்தப் பக்கம் வர வேண்டும். மெஷினுக்கு மெஷின் இது மாறும், ஆகவே பக்கத்து வீட்டு மெஷினைப் பார்த்துப் போடாதீர்கள். 15 வருடம் செருகியே இருந்த ஊசியைக் கழற்றி எறிந்துவிடுங்கள். மரைன் டிரைவ் பக்க உப்புக் காற்றுக்கு அது கட்டாயம் கறள் பிடித்திருக்கும். புது ஊசியும் ஏறக்குறைய 8 மணித்தியாலத் தையலுக்குத்தான்.

இவ்வளவும் செய்தும் தையல் சரிவராவிட்டால் எல்லோரும் மேல்நூலின் இறுக்கத்தை மாற்றும் டென்ஷன் திருகாணியைத்தான் பிடிக்கிறார்கள். என் எண்ணத்தில் கடைசியாகத் தொட வேண்டியது அது. துணியின் அடியில் நூல் வளையமாகத் தொங்கினால் பிழை மேல்நூலில். அனேகமாக, பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்திருப்பீர்கள். அப்போது டென்ஷன் தட்டுகள் மூடியிருப்பதால் நூல் நடுவில் இறங்காது. பாதத்தைத் தூக்கி வைத்து நூலைத் திரும்பக் கோத்துவிடுங்கள். மேற்பக்கம் வளையம் வந்தால் பொபின் பக்கம். பொபினைப் போட்ட கேஸை நூலில் தொங்கவிட்டு மெல்லச் சுண்டுங்கள். ஓரிரு அங்குலம் இறங்கி நின்றால் சரி. தானாக ஓடி இறங்கினால் கேஸின் சின்னத் திருகாணியைக் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்குங்கள், அசையவே இல்லை என்றால் அதே அளவு தளர்த்துங்கள். தையல் விட்டு விட்டு விழுந்தால் ஊசி வளைந்திருக்கிறது, அல்லது பக்கம் மாறியிருக்கிறது, அல்லது முழுதாக மேலே ஏறவில்லை.

அம்மாவின் தையல் பெட்டியில் இருக்கும் பழைய பருத்தி நூற்கட்டைகளையும் சோதிக்க வேண்டும். ஒரு முழம் எடுத்து இரு கையாலும் சட்டென்று இழுங்கள். சத்தமே இல்லாமல் அறுந்தால் அதை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், தைக்க வேண்டாம். அந்த நூலோடு மல்லுக்கட்டித்தான் பாதிப் பேர் மெஷினைப் பழுது என்கிறார்கள்.

மகளுக்குப் பழக்குவதற்குப் புது மின் மெஷினைவிட இதுவே நல்லது. காலின் வேகம்தான் தையலின் வேகம், பயந்து காலை நிறுத்தினால் மெஷினும் நிற்கும். ஆனால் சுவிட்ச் கிடையாது. ஊசிக்குப் பக்கத்தில் கை போகும்போது கால் மிதியில் இருக்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

முதல் வேலை மிதிப்பது மட்டும். நூலும் துணியும் வேண்டாம், பாதம் தூக்கியே இருக்கட்டும். சில்லின் மேற்பக்கத்தைக் கையால் தன் பக்கம் இழுத்துவிட்டு, அதே திசையில் காலைத் தொடர வேண்டும். பின்பக்கமாக ஓடினால் நூல் சிக்கி அறுந்துவிடும். கால் பழகிய பிறகு, நூல் இல்லாமல், பாவித்து முடிந்த ஊசி ஒன்றால், கோடு போட்ட கொப்பித் தாளில் தைக்கவிடுங்கள். துளைகள் கோட்டின் மேல் விழுகின்றனவா என்று தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அவளுக்கே தெரியும். பின்பு சதுரம்: மூலையில் ஊசியை உள்ளே இறக்கி நிறுத்தி, பாதத்தைத் தூக்கி, தாளைத் திருப்பி, பாதத்தை இறக்க வேண்டும்.

துணியில் முதலாவதாக ஒரு பை. 15 அங்குல அகலம், 35 அங்குல நீளம் உள்ள பருத்தித் துணியை முதலில் நனைத்துக் காயவைத்துக்கொள்ளுங்கள். இரு நுனியையும் ஒன்றரை அங்குலம் மடித்துத் தைத்தால் பையின் வாய் ஆகும். இந்த மெஷின் நேர்த்தையல் மட்டுமே போடும், பிசிர் நிற்க ஓவர்லொக் இல்லை. அதனால் பக்கங்களை இரண்டு தரம் தைக்க வேண்டும். நல்ல பக்கம் வெளியே தெரிய இரண்டாக மடித்து, ஓரத்திலிருந்து கால் அங்குலத்தில் ஒரு தையல். ஓரத்தைப் பாதியாக நறுக்கி, பையை உட்புறம் திருப்பி, திரும்பவும் கால் அங்குலத்தில் இன்னொரு தையல். பிசிர் உள்ளே அடங்கிவிடும். முடிந்த பை 14க்கு 16 வரும். ஒவ்வொரு தையலையும் தொடங்கும்போது இரண்டு நூல் நுனியையும் 4 அங்குலம் பின்னால் இழுத்து, முதல் மூன்று தையலுக்குப் பிடித்திருக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளின் துணி தொடக்கத்தில் சிக்குவது இதைச் செய்யாததால்தான்.

மெஷினைப் பொலித்தீனால் மூடாதீர்கள், உள்ளே ஈரம் அடையும். பழைய பருத்திச் சாறித் துண்டு ஒன்று போதும்.

சாமான் வாங்கப் புறக்கோட்டைக்கு, கெய்சர் வீதிப் பக்கம் போகும்போது பழைய பொபினையும் கேஸையும் கையோடு கொண்டுபோங்கள். "சிங்கர் பொபின்" என்று மட்டும் கேட்டால் எதையாவது தந்துவிடுவார்கள். 15ஆம் வகுப்புப் பொபினின் குறுக்களவு 20.3 மில்லிமீற்றர், உயரம் 11.7, இரு பக்கமும் தட்டை. 66ஆம் வகுப்புடையது பக்கங்கள் கொஞ்சம் வளைந்திருக்கும். இன்னும் பழைய, படகு மாதிரி ஓடம் (ஷட்டில்) உள்ள மெஷின் என்றால் பொபின் நீளக் குச்சி மாதிரி இருக்கும், அதற்கு வேறு ஊசியும் வரலாம். ஆகவே ஊசி வாங்குவதற்கு முன் ஊசித் தகட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சறுக்குத் தகட்டைத் திறந்து எது என்று பார்த்துவிடுங்கள்.